தற்செயலா, தவறா?

இரண்டு இடங்களில் காணும் விகிதங்கள் வேறுபட்டால், அவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததா, உண்மையிலேயே உள்ளதா என்று துணிவது எங்ஙனம்? புள்ளியியல் இதற்குத் தரும் விடையைச் சேலம் நாட்டுச் செய்தி ஒன்றைக்கொண்டு ஆராய்வோம்.

2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குத் தமிழகத்தில் 942 பெண்கள் இருந்தனர். சேலம் மாவட்டத்திலோ 851 பேரே. அதாவது, நூறு குழந்தைகளில் பெண்கள் மாநிலத்தில் ஏறக்குறைய நாற்பத்தெட்டரை; சேலத்தில் நாற்பத்தாறு. இடைவெளி இரண்டரைதான். ‘இது ஒரு பொருட்டா?’ என்பார் சிலர், ‘கொடுமை!’ என்று கொதிப்பார் சிலர். கணக்கறிந்தவர் இருவரையும் சற்றுப் பொறுக்கச் சொல்வார்.

முதலில், ‘வேறுபாடே இல்லை’ என்று வைத்துக்கொள்வோம். இதுவே இன்மைக் கருதுகோள். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றவாளி என்னாத நீதிமன்ற மரபு போன்றது இது. இனி, இரு பகுதிகளிலும் தனித்தனியே 1,000 குழந்தைகளைக் கண்டபடி பொறுக்கியதில், ஓரிடத்தில் 460 பெண்களும், மற்றோரிடத்தில் 485 பெண்களும் இருந்ததாகக் கொள்க. இரண்டையும் சேர்த்தால் பெண்களின் பொதுவிகிதம் 0.4725, ஆண்களின் விகிதம் 0.5275. இவ்விரண்டையும் பெருக்கி, 1/1,000 + 1/1,000 என்னும் கூட்டுத்தொகையாலும் பெருக்கி, வர்க்கமூலம் காண்க. கிடைப்பது 0.0223. இதற்குத் திட்டப்பிழை என்று பெயர். வேறுபாடாகிய 0.025ஐ இதனால் வகுத்தால் 1.12 வரும். நூற்றுக்கு ஐந்து என்னும் மட்டத்தில் எல்லை 1.96. நம் விடை அதனைத் தாண்டவில்லை. எனவே இது தற்செயலாகவும் இருக்கலாம்.

அதே விகிதங்களை 10,000 குழந்தைகள் வீதம் எடுத்துக் கண்டிருந்தால்? திட்டப்பிழை 0.0071 ஆகச் சுருங்கும், விடை 3.5 ஆக உயரும். அப்போது தற்செயல் என்று தட்டிக்கழிக்க இயலாது. ஒரு சிற்றூரின் சில குழந்தைகளை எண்ணி அவ்வூரைப் பழிப்பது அறமன்று. ஒரு மாவட்டமே காட்டும் இடைவெளியைக் கண்டு வாளாவிருப்பதும் அறமன்று.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எல்லையைத் தாண்டவில்லை என்பதனால் ‘வேறுபாடில்லை’ என்று மெய்ப்பித்ததாகாது. சான்று போதவில்லை என்பதே பொருள். தாண்டினாலும், காரணம் இன்னதென்று சோதனை கூறாது. அதனை மனிதர் சென்று கேட்டறிதல் வேண்டும். சேலத்தில் அவ்வாறு அறியப்பட்டவை பெண் சிசுக் கொலையும், கருவிலேயே பால் அறிந்து அழித்தலுமாம்.

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. 1994இல் கருவின் பாலறிதலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 2001இல் 851 ஆக இருந்த சேலத்தின் எண், 2011இல் 916 ஆக உயர்ந்தது. இவ்வுயர்வில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இளைஞர்களாகிய நீங்கள் ஆராயத்தக்கது. பாடநூலில் p என்று எழுதும்போதெல்லாம், அவ்வெழுத்தின் பின்னே குழந்தைகள் நிற்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.