கரண்ட் ஊசிக்குக் கடன் கேட்டால் என்ன செய்வது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா 40,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "கரண்ட் ஊசி வச்சா ஆறு மாசத்துல நடந்துடுவார்னு சொல்றாங்க"ன்னு அக்கா கண் கலங்கினாங்க. நானும் யோசிக்காமல், "முயற்சி பண்ணிப் பாருங்கக்கா"ன்னு சொல்லிட்டேன். அது என் தவறு. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசுகிறேன்.

அக்குபஞ்சர் என்பது சீனாவில் ரொம்ப காலமாக இருக்கும் ஊசி வைத்தியம். மயிர் போல மெல்லிய ஊசியை உடம்பில் குறிப்பிட்ட இடங்களில் குத்துவார்கள். அந்த ஊசிகளை ஒரு சின்ன கருவியோடு இணைத்து, லேசான மின்சாரம் விட்டால் அதுதான் எலக்ட்ரோ அக்குபஞ்சர். இப்படிச் செய்யும்போது, வலியைக் குறைக்கும் பொருட்களை நம் உடம்பே சுரக்கிறது என்று பீஜிங்கில் விஞ்ஞானி ஹான் ஜிஷெங் பல வருஷம் ஆராய்ந்து காட்டினார். அதனால் வலிக்கு இது ஓரளவு உதவலாம். ஆனால் வலி குறைவது வேறு, கால் நடப்பது வேறு.

நம்ம தண்டுவடம், மூளையிலிருந்து உடம்புக்குச் செய்தி கொண்டு போகிற ஒயர் மாதிரி. அது நசுங்கினால் செய்தி கீழே போகாது. முழுசாக நசுங்காமல் கொஞ்சம் தப்பியிருந்தால், முதல் சில மாதங்களில் தானாகவே சிலருக்குக் கொஞ்சம் அசைவு திரும்பும். அந்த நேரத்தில் ஊசி வைத்திருந்தால் 'ஊசியால்தான் வந்தது' என்று தோன்றும். அதனால்தான் ஊசி வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு ஆராய்ச்சியை தைவான் நாட்டு மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். தண்டுவடம் அடிபட்ட 100 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் கை, காலில் ஒட்டும் பட்டை வழியாக மின்சாரமும், காதில் ஊசியும் கொடுத்தார்கள். அவர்களுக்கு முன்னேற்றம் அதிகம் என்று எழுதினார்கள். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒன்று, அடிபட்ட உடனே ஆரம்பித்தார்கள், ஒன்றரை வருஷம் கழித்து அல்ல. இரண்டு, உடற்பயிற்சி சிகிச்சையை நிறுத்தவில்லை, அதோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இது போன்ற ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றை வைத்து 'கட்டாயம் நடப்பார்' என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

நாங்கள் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். அவரைத் திருப்பிப் பார்த்தால், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்! 'ஊசி வச்சா போதும், எக்சர்சைஸ் வேண்டாம்'னு யாரோ சொன்னதை நம்பி எல்லாத்தையும் நிறுத்தியிருந்தாங்க. வலி தெரியாத உடம்பு, புண் வந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

குழு கூடிப் பேசி, 15,000 ரூபாய் கொடுத்தோம். புண்ணுக்கு மருத்துவமும், சக்கர நாற்காலிக்கு மெத்தையும் முதலில் பார்த்தாங்க. இப்போது அவர் வாசலில் சின்ன பெட்டிக்கடையில் உட்காருகிறார். அக்காவுக்கு இன்னும் ஊசி மேல் நம்பிக்கை இருக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். முடிவு அவங்களோடது.

யாராவது இப்படிக் கடன் கேட்டு வந்தால், தீர்மானம் போடும் முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

'கட்டாயம் நடப்பார்' என்று சொல்கிறார்களா? சொன்னால் எச்சரிக்கை.

எக்சர்சைஸை, மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? சொன்னால் வேண்டாம்.

முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கிறார்களா?

ஒருவருக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியா? இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்சாரம் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியுமா?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? தினமும் தோலைப் பார்க்கிறார்களா? சிறுநீர் கழிக்க மருத்துவர் சொன்னபடி செய்கிறார்களா? இதற்குக் காசு அதிகம் வேண்டாம், உயிரைக் காப்பதும் இதுதான்.

யாராவது மரத்திலிருந்து விழுந்தால், மடக்கித் தூக்கி வண்டியில் போடாதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் 108-க்குப் போன் பண்ணுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனு கொடுங்கள்.

நடக்க முடியாவிட்டால் வாழ்க்கை முடிந்ததா? டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி.யில் 1966-ல் மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணம். கடற்படைத் தேர்வில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

நம் சேமிப்பு, ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்த பணம். நம்பிக்கையை யாரும் விலைக்கு விற்க விடாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டுக் கடன் கொடுங்கள்.