மேசையைச் சுற்றி ஒரு கூத்து



1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றோர் ஆட்டம் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் வீரனாக, மந்திரவாதியாகப் பேசுவர். துணிந்த செயல் பலிக்குமா என்பதை இருபது முகத் தாயக்கட்டை தீர்க்கும்.

பிறராக மாறிப் பேசும் ஆசை நமக்குப் புதிதன்று. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில், மாசியிற் காமன் கூத்து நடக்கையில், லயத்துப் பையனே ரதியாகி அழுகிறான்.

இணையவழி ஆட்டத்தை நான் பழிக்கவில்லை. கனடாவிலுள்ள மைத்துனனோடும் அதில் விளையாடலாம். ஆயினும் அது வகுத்த வழியிலேதான் செல்லவேண்டும். மேசையிலோ, அரக்கனை வெட்டாமல் அவனோடு சமாதானம் பேசலாம். கதை நடத்துபவர் அதற்கும் விடை சொல்லியாகவேண்டும். சபையில் வாய் திறவாத பிள்ளையும் அங்கே அரசனாகப் பேசும்.

பெரியோர்களே, கைத்தொலைபேசியைப் பறிப்பதனால் மட்டும் பயனில்லை. சனிக்கிழமை மாலைகளில் சங்க மண்டபத்தில் ஒரு மேசை தாருங்கள். கதை நடத்த உங்களில் ஒருவர் வாருங்கள்.