பழைய கூட்டில் புதிய குஞ்சுகள்



தமிழகத்தை விட்டு வந்து, பிலாய், ஜாம்ஷெட்பூர், பொக்காரோ போன்ற தொழில் நகரங்களிலும், பிற மாநிலங்களின் சிற்றூர்களிலும் வாழும் நம்மவருள் சிலர், வீட்டின் பின்புறத்தில் நாலைந்து கோழிகள் வளர்ப்பதுண்டு. வீட்டுக்கு முட்டை கிடைக்கிறது. எஞ்சிய சோறும் கீரைத் தண்டும் வீணாவதில்லை. ஆனால் கோழிகளுக்கு வயது ஏற ஏற முட்டை குறைகிறது. அப்பொழுது புதிய குஞ்சுகளை வாங்கிச் சேர்க்க வேண்டியதாகிறது. வாங்கி வந்த குஞ்சுகளை அன்று மாலையே பழைய கூட்டில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றிரண்டைக் குருதி வழிய எடுக்க நேர்வது அரிதன்று. இவ்விழப்பு தவிர்க்கக்கூடியதே. எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், பழைய கோழிகள் ஏன் கொத்துகின்றன என்பதை அறிதல் வேண்டும். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர், 1920-களின் தொடக்கத்தில் கோழிகளின் சமூக வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு கூட்டத்தில் எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்பதை அவர் எடுத்துக் காட்டினார். கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்து அடையாளம் கண்டுகொள்கின்றன. வரிசை அமைந்துவிட்டால் சண்டை ஓய்ந்து, ஒரு பார்வையே போதுமானதாகிறது. புதிய பறவை வந்தால் வரிசை கலைகிறது. ஆகவே அவை கொத்துவது கொடுமையால் அன்று. இடம் எதுவென்று தீர்த்துக்கொள்ளவே கொத்துகின்றன. நாம் அந்தத் தீர்ப்பைத் தடுக்க இயலாது. அது குருதியின்றி நடக்குமாறு செய்ய இயலும்.

தாய்க்கோழியோடு வளரும் குஞ்சுகளைப் பாருங்கள். தாய் அவற்றைச் சிறகினுள் வைத்துக் காக்கிறது. நெருங்கும் கோழியைச் சீறி விரட்டுகிறது. அவை வளர வளரக் கூட்டத்தோடு சிறிது சிறிதாகப் பழக்குகிறது. பொறிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. அந்தத் தாயின் வேலையை வளர்ப்பவரே செய்ய வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

முதல் வேலை, தனியே வைத்தல். வாங்கி வந்த குஞ்சுகளை மூன்று அல்லது நான்கு வாரங்கள் பழைய கோழிகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பார்வைக்கு நலமாக இருக்கும் பறவையும் நோயைச் சுமந்து வரலாம். தீனி வைக்கும்பொழுது பழைய கோழிகளை முதலில் கவனித்து, புதியவற்றைப் பின்னர்க் கவனித்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் நலம். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று கூறும் நோய்க்கு வட இந்தியக் கால்நடை மருத்துவமனைகளில் 'ரானிகேத்' என்று பெயர். குமாவோன் மலையிலுள்ள அவ்வூரின் பெயரே நோய்க்கு அமைந்துவிட்டது. அம்மையை 'சேசக்' என்றும், தடுப்பூசியை 'டீகா' என்றும் கூறுவர். இம்மூன்று சொற்களும் தெரிந்திருந்தால் மருத்துவமனையில் பேச்சு எளிதாகும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வார அளவில் ஊசியும் இடுவது வழக்கம். கூட்டத்தில் பல கோழிகள் திடீரென்று மடிந்தால், அவற்றைத் தொடாமல் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டது முதல் இந்த எச்சரிக்கை நம் நாட்டில் இன்றியமையாததாகிவிட்டது.

இரண்டாவது, வளரவிடுதல். முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகை வெப்பமும், பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைவாகவும் குஞ்சுகளுக்குத் தேவை. வடநாட்டுக் குளிர்காலத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். இறகு முழுவதும் முளைத்து, பழைய கோழிகளின் உடலளவை ஏறக்குறைய எட்டிய பின்னரே கலக்க வேண்டும். பெரும்பாலும் இது பத்து, பன்னிரண்டு வாரங்களில் கைகூடும்.

பல இனங்கள் கலந்துள்ள கூட்டத்தில் வயதை மட்டும் எண்ணுவது போதாது. ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா விரைவில் உடல் பெருப்பது. வெள்ளை லெகார்ன் மெல்லிய உடலும் மிரளும் இயல்பும் உடையது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் உருவில் சிறியது. அசீல் இனமோ, தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பழைய கூட்டத்தில் அசீல் பெட்டை ஒன்றிருந்தால், சிறிய இனக் குஞ்சுகளை இன்னும் சில வாரங்கள் பொறுத்தே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, காணச் செய்தல். கம்பி வலைத் தடுப்பு ஒன்றை அமைத்து, ஒரு புறம் பழையவையும் மறுபுறம் புதியவையும் இருக்குமாறு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வைக்க வேண்டும். வலையின் இரு பக்கத்திலும் தீனித் தட்டுகளை அருகருகே வைத்தால், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே உண்டு பழகும். மொழி தெரியாத ஊரில் முதல் சில மாதங்களைக் கழித்த நமக்கு, பார்த்துப் பழகிய முகம் எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்கத் தேவையில்லை.

நான்காவது, கலத்தல். ஒரு குஞ்சைத் தனியே விடலாகாது; இரண்டு மூன்றேனும் சேர்த்து விட்டால் கொத்து பகிர்ந்துபோகும். முற்றத்தில் மாலை நேரத்தில், நாம் அருகிலிருக்கும்பொழுது, ஒரு மணி நேரம் விடத் தொடங்கலாம். தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டிரண்டு இடங்களில் இருக்க வேண்டும். சுவரில் சாய்த்த பலகை, செங்கல்லின் மேல் கவிழ்த்த பஞ்சாரம் ஆகியவை ஒதுங்க இடம் தரும். அந்த இடத்திற்கு இரண்டு வழிகள் இருத்தல் வேண்டும். ஒரே வழி இருந்தால் அதுவே பொறியாகிவிடும். இரவில் உறங்கும் கோழிகளுக்கிடையே புதியவற்றை வைத்துவிட்டால் காலையில் வேற்றுமை தெரியாது என்று கூறுவதுண்டு. இருட்டில் சண்டை இராது என்பது உண்மையே. விடிந்ததும் முகம் தெரிந்துவிடும். ஆகவே அம்முறையைக் கைக்கொள்வோர் விடியற்காலையில் எழுந்து கூட்டருகே நிற்க வேண்டும்.

தீனியிலும் ஒரு நுட்பம் உண்டு. முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது முட்டையிடத் தொடங்காத குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆதலால் கலந்திருக்கும் காலத்தில் எல்லாவற்றிற்கும் வளர் கோழித் தீவனமே வைத்து, முட்டையிடுபவைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம்.

துரத்துவதும், ஓரிரு கொத்துகளும், ஓரிரு இறகு உதிர்வதும் இயல்பு. குறுக்கிட்டால் தீர்வு நீளும். குருதி கண்டால் மட்டும் தாமதிக்கலாகாது. சிவந்த புண் மற்றக் கோழிகளையும் கொத்தத் தூண்டும். அடிபட்டதைப் பிரித்து, புண் ஆறும்வரை வலைக்கு அப்பால் வைக்க வேண்டும். ஒரே கோழிதான் விடாது துரத்துகிறதென்றால், அதைப் பிடித்து மூன்று நான்கு நாட்கள் வேறிடத்தில் அடைத்துவிடுங்கள். திரும்பி வருகையில் அதன் செருக்கு சற்றுத் தணிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். குஞ்சு வாங்குமுன், கூட்டில் கோழி ஒன்றுக்கு மூன்று நான்கு சதுர அடி இடம் இருக்கிறதா என்றும், கம்பி வலைக்கு வழி உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடமில்லையெனில் இவ்வாண்டு வாங்காமலிருப்பதே குஞ்சுகளுக்குச் செய்யும் நன்மை. இடமிருந்து பொறுமையும் இருக்குமாயின், ஒருநாள் மாலை பழையவையும் புதியவையும் ஒரே கம்பில் வரிசையாக அடைவதைக் காண்பீர்கள். அன்றே வலையைக் கழற்றிவிடலாம்.