பாட்டியம்மாவிடம் முதலில் கேட்டோம்

(ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையின் முடிவில் ஒரு சகோதரர் எங்களைத் தனியே அழைத்து, “ஐயா, எழுபது வயதைத் தாண்டினவர்களுக்கு இவ்வளவு விலையுள்ள புதுமருந்து எதற்கு? அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கலாம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று ஒரு தாயாரைப் பற்றிச் சொல்லி அதற்குப் பதில் தர விரும்புகிறோம்.

அவர்களுக்கு வயது 74. நடவு வேலைக்குப் போன நாள்முதல் வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். கன்னத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, மறுவருடமே கழுத்தில் கட்டி எழும்பியது. இனி அறுக்க இயலாது என்றார் டாக்டர்.

மீதியிருந்த வழி, நிவோலுமாப் என்னும் மருந்தை டிரிப்பில் ஏற்றுவது. நம் சரீரத்தின் காவல் அணுக்களைப் புற்றுநோய் கட்டிப்போட்டு வைக்கிறது. இம்மருந்து அந்தக் கட்டை அவிழ்க்கிறது. இதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சிக்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். வழக்கமான அளவு 2 வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்தச் செலவு நம் ஏழை ஜனங்களுக்கு எட்டாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்து, 2022இல் அதன் பலனை வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குப்பின் உயிரோடிருந்தவர்கள் 100க்குச் சுமார் 16 பேர். இம்மருந்தையும் பெற்றவர்களில் சுமார் 43 பேர்.

ஆயினும் பூரண சுகம் கிடைக்கும் என்ற உறுதி இதில் இல்லை. நுரையீரலும் குடலும் தைராய்டும் பாதிக்கப்படக்கூடும். அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களும் எழுந்து நடமாடும் பலமுள்ளவர்களே. டாக்டர் இவற்றையெல்லாம் ஒளிக்காமல் குடும்பத்தாரிடம் சொன்னார்.

மகன் அரை ஏக்கர் நிலத்தை விற்க ஆயத்தமானார். மகளோ, “அம்மாவை இனி வதைக்க வேண்டாம், அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க” என்று அழுதார். இருவரும் அன்பினாலேயே பேசினார்கள். ஆனால் தாயாரிடம் யாரும் கேட்கவில்லை.

பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் நோயில் கிடந்த மனிதனிடம் நம் ஆண்டவர் முதலாவது அவனுடைய விருப்பத்தையே விசாரித்தார். அதை நினைத்து, பிள்ளைகளின் சம்மதத்தோடு, டாக்டரும் நர்ஸம்மாவும் நாங்களுமாகப் படுக்கையருகே அமர்ந்தோம்.

எல்லாவற்றையும் கேட்ட பாட்டியம்மா, “எனக்கு எத்தனை நாள்னு கேக்கல ஐயா. இதை ஏத்துனா வாயால கஞ்சி குடிக்க முடியுமா?” என்றார்கள். “முடியலாம், நிச்சயமில்லை” என்றார் டாக்டர். “அப்ப நாலு தடவை பாப்போம். பலனில்லேன்னா வுட்டுடுங்க. நிலத்தை மட்டும் விக்கக்கூடாது” என்றார்கள்.

அன்றைய தீர்மானம் அவர்களுடையது. மருந்துச் செலவை உங்கள் காணிக்கையிலிருந்து ஏற்றுக்கொண்டோம்.

நான்காம் முறைக்குள் கட்டி சுருங்கிற்று. மூக்குக் குழாயை எடுத்தார்கள். கஞ்சி குடித்தார்கள், மீன்குழம்பும் கேட்டு வாங்கினார்கள்! ஏழாம் மாதம் நோய் திரும்பவும் பெருகியபோது, “போதும் ஐயா, வீட்டுக்குப் போறேன்” என்றார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரையோடு நர்ஸம்மா வாரந்தோறும் வீட்டுக்குப் போய்வந்தார். விற்கப்படாத அந்த நிலத்தைப் பார்த்த திண்ணையில், பிள்ளைகள் சூழ்ந்திருக்க, சமாதானத்தோடே கண்மூடினார்கள்.

சகோதரரின் கேள்விக்கு இதுவே எங்கள் பதில். வயதை வைத்து நாங்கள் வாசலை மூடுவதில்லை. மருந்து இருக்கிறதென்பதற்காக ஏற்றுவதுமில்லை. சரீரபலம் இருக்கிறதா, பலன் உண்டா, நோயாளி விரும்புகிறாரா என்று பார்க்கிறோம். வேண்டாம் என்கிறவரையும் கைவிடுவதில்லை. நீங்கள் கொடுக்கும் காணிக்கை டிரிப்புக்கும் உதவுகிறது, அந்தத் திண்ணைவரை போகும் நர்ஸம்மாவின் பயணத்துக்கும் உதவுகிறது.

இந்த வாரமும் ஒரு முதியவரும் அவர் குடும்பத்தாரும் இதே தீர்மானத்தின் முன் நிற்கிறார்கள். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.