காத்தவனுக்குப் பங்கு எங்கே?

(மலையடிவார ஊரொன்றில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



காடு காக்கப்பட வேண்டும் என்பதிலே நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. காத்த காட்டின் பயன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? அதுதான் நம்முன் நிற்கும் கேள்வி.

பொதிகை மலையின் தமிழகச் சரிவிலும் கேரளச் சரிவிலும் வாழ்பவர்கள் காணிக்கார மக்கள். 1987-ஆம் ஆண்டு, கேரளப் பகுதியிலே, அறிவியலாளர் குழுவொன்று அவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறிற்று. கற்றவர்கள் களைத்தார்கள், காணிக்காரர் களைக்கவில்லை. காரணம், வழியிலே அவர்கள் பறித்துத் தின்ற சிறு கனி! ஆரோக்கியப்பச்சை என்று இன்று உலகறிந்த செடியின் கனி அது.

அச்செடியின் இலையைக் கொண்டு, பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. 1990-களின் நடுவிலே, கோவை நிறுவனமொன்று 10 இலட்சம் ரூபாய் கொடுத்து உரிமம் பெற்றது. விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைத்தொகை தரவும் இசைந்தது. இரண்டிலும் சரிபாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. அதனைப் பெற 1997-இல் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகம் பாராட்டிற்று, நாமும் பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, மருந்துக்கு இலை வேண்டாமா? காட்டின் நிழலிலே வளர்ந்தால்தான் அச்செடிக்கு மருந்துக்குணம் உண்டு. வெளியே கொண்டுபோய் நட்டால் குணம் குன்றும். காணிக்காரக் குடும்பங்கள் பயிரிட முன்வந்தன. வனத்துறையோ தடுத்தது. இயற்கையாய் வளர்ந்த செடி சூறையாடப்படும் என்பது அத்துறையின் அச்சம். அந்த அச்சம் பொய்யன்று; பேராசைக்காரன் வேரோடுதான் பிடுங்குவான். ஆயினும் அச்சத்துக்குப் பரிகாரம் தடைதானா? எங்கே பயிரிடுவது, எவ்வளவு பறிப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதைக் காடறிந்த மக்களை உடன் அமர்த்தி வகுப்பதல்லவா பரிகாரம்? அது நடைபெறவில்லை. இலை குறைந்தது, மருந்து குறைந்தது, பங்கும் குறைந்தது. சரிபாதி என்று ஏட்டிலே எழுதினார்கள். வற்றிய குளத்திலே சரிபாதி எவன் தாகத்தைத் தணிக்கும்?

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. பங்கு என்பது பணம் மட்டுமன்று. முடிவெடுக்கும் அவையிலே ஓர் இடம். பணத்தைக் கொடுத்து, அந்த இடத்தை மறுத்தால், அது ஈகையாகலாம், நீதியாகாது!

பயனை நேர்மையாகப் பகிர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. சிறு வனப்பொருளிலே உரிமை, மரபறிவிலே சமூகத்துக்கு உரிமை, காட்டைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு — அத்தனையும் அதிலே உண்டு.

ஏட்டிலே உள்ளதை வீட்டுக்குக் கொண்டுவருவது யார் வேலை? நம் வேலை! மலைக்குடியிருப்புகளுக்குச் செல்லுங்கள். சட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். உரிமை மனுக்களை எழுத உதவுங்கள். கிராம சபை கூடுகிறதா, அங்கே மலைமகன் பேசுகிறானா, அல்லது பேசாமல் கையொப்பம் மட்டும் இடுகிறானா என்று பாருங்கள்.

காட்டைக் காப்பவன் கூலியாளல்லன்; பங்காளி. அந்த நிலை வந்தால் காடும் வாழும், காணியும் வாழ்வான்.