குடி தலையெழுத்தா?

(வண்டியூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



குடியினாலோ கஞ்சாவினாலோ ஒருவன் கெட்டுப் போனால் நம் மக்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் தலையெழுத்து" என்கிறார்கள். இன்னும் சிலர் "அந்த ஜாதிப் புத்தி" என்கிறார்கள். இவ்விரண்டும் பொய் என்று சொல்லவே நாம் இங்கு வந்திருக்கிறோம். அவன் தலையில் ஏதாவது எழுதப்பட்டிருந்தால், எழுதியவன் பிரம்மன் அல்ல. பதினான்கு, பதினைந்து வயதில் அவன் கையில் பீடியையும் கிளாசையும் கொடுத்தவனே!

இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 100-க்குச் சுமார் 40 பேர் தம் வாழ்நாளில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களிலோ 100-க்குச் சுமார் 10 பேர்தான்.

காரணம் என்ன? மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளருகிறது. இன்பத்தை நாடும் பாகம் முந்திக் கொள்ளுகிறது; "போதும்" என்று தடுக்கும் பாகம், நெற்றிக்குப் பின்னால் இருப்பது, கடைசியில்தான் முதிர்கிறது. மூக்கணாங்கயிறு போடாத காளையை வண்டியில் பூட்டுவது போன்ற வயது அது. அப்போது ஏறும் போதை வளரும் மூளையையே தன் வழிக்குப் பழக்கி விடுகிறது. இளம் எலிகளுக்கு நிகோடின் கொடுத்துச் சோதித்ததில், அவை பிறகு கொகேயினை அதிகமாக நாடின. எலிக்கு ஜாதி ஏது? முற்பிறவிக் கர்மம் ஏது?

"குடிகாரன் மகன் குடிகாரனாவது பரம்பரையல்லவா?" என்று கேட்கலாம். பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக் கஷ்டத்திற்கும் உண்டு. நாம் மறைக்கவில்லை. ஆனால் பிறப்பை மாற்ற முடியாது. பாட்டில் பையன் கைக்கு எட்டாமல் செய்ய முடியுமல்லவா?

நாம் செய்வதென்ன? முனியாண்டிக்கும் கருப்பனுக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம். சாமி குடித்ததைக் கண்டவர் எவருமில்லை. மிச்சம் பிரசாதம் என்ற பேரால் பையன் வாய்க்குப் போகிறது. வடக்கே சிவன் பேரால் பாங்கு! அழகர் இவ்வூருக்கு வரும் சித்திரைத் திருவிழாவிலே எத்தனை பையன்கள் முதன்முதல் பாட்டிலைத் தொடுகிறார்கள் என்று யோசியுங்கள்.

18 வயது நிரம்பாதவருக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் தகப்பனே மகனைப் பீடி வாங்க அனுப்பினால் சட்டம் யாரைப் பிடிக்கும்?

ஆகவே தோழர்களே, இன்று முதல் உங்கள் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். படையல் சாராயத்தை நிறுத்துங்கள். ஏற்கெனவே சிக்கிய பையனை அடிக்காதீர்கள். பூசாரியிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டாதீர்கள். அது நோய், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தலையெழுத்தை அழிக்க முடியாது என்பது புராணம். நோயைத் தடுக்கலாம், தீர்க்கலாம் என்பது பகுத்தறிவு!