முதற் பந்தயமும் எளிய வாகனமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)

சமய மன்றத்து மேடையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நமது சமயம் பந்தயத்தை அறியாததன்று. மாங்கனிக்காக உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கதையைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டோம். ஒருவருக்கு மயில், மற்றவருக்கு மூஞ்சூறு. கனி யாருக்குக் கிடைத்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் வாலிபரிற் சிலர் மண்தடப் போட்டியொன்றுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுக்க விரும்புகின்றனர். அவர்களிடம் இருப்பவை குளக்கட்டிலும் வயற்பாதையிலும் ஓடும் எளிய மோட்டார் சைக்கிள்களே. "கடன்பட்டாவது பெரிய வாகனம் வாங்கு" என்கின்றனர் நண்பர். "போகவே வேண்டாம்" என்கின்றனர் வீட்டார். இவ்விரு கூற்றையும் நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

முதலில் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். தியெறி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிளிற் சென்று லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, அரிதில் உயிர் தப்பினார். அவரே பின்னர் பாரிஸ் - டாக்கார் பந்தயத்தைத் தோற்றுவித்தார். 1978 டிசெம்பர் 26ஆம் திகதி பாரிஸிலிருந்து 182 வாகனங்கள் புறப்பட்டன. தூரம் ஏறக்குறைய 10,000 கிலோமீற்றர். டாக்காரை அடைந்தவை 74 மாத்திரமே. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாகவே கணக்கிட்ட அப்பந்தயத்தில் முதலிடம் பெற்றவர் சிறில் நெவூ என்னும் 22 வயது இளைஞர். அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்.ரீ. 500, கடையில் எவரும் வாங்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் வண்டி. மூன்றாம் இடம் பெற்றதோ 250 சி.சி. ஹொண்டா! வலிமை மிக்க கார்கள் பின்னே வந்தன.

இதிற் புதுமை ஒன்றுமில்லை. இளகிய மண்ணில் வலிமை மிகுந்த எஞ்சின் பின்சில்லை வீணே சுழற்றும். பழக்கமற்றவரின் கையையும் தோளையும் விரைவிற் களைக்கச் செய்யும். எளிய வண்டியோ புதியவரின் சொற்கேட்கும். அதற்கும் குறைகள் உண்டு. உயரத்திலிருந்து குதித்தால் அதன் மெல்லிய வில்கள் அடிவரை அமுங்கிவிடும். ஆகவே மேட்டில் வேகத்தைத் தணித்து, மிதியில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். பார்வை முன்சில்லில் அன்று, வரும் வளைவில் இருக்கவேண்டும். கண்ணாடிகளையும் விளக்குகளையும் கழற்றி, மண்ணைக் கவ்வும் ரயர்களைப் பூட்டி, சங்கிலியையும் பிறேக்கையும் சரிபார்த்தால் முதற் பந்தயத்துக்கு வண்டி ஆயத்தம். கடன் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே போதும். அதைத் தலைக்கவசத்துக்கும், நீண்ட சப்பாத்துக்கும், மார்புக் காப்புக்கும் செலவிடுக.

அடுத்து, வீட்டாரின் அச்சம். அது வெற்றச்சம் அன்று. அந்த முதலாவது டாக்கார் பந்தயத்திலேயே ஒருவர் நைஜர் நாட்டில் விழுந்து மாண்டார். ஓடும்போதே தலைக்கவசத்தைச் சரிசெய்ய முனைந்தார் என்பர். நமது நாட்டிலே, 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைப் பந்தயத் திடலில் ஒரு கார் தடத்தைவிட்டு விலகிக் கூட்டத்துட் புகுந்ததால் 7 பேர் உயிரிழந்தனர். ஓட்டுபவரின் துணிவுக்கு வேடிக்கை பார்ப்போர் விலை கொடுக்கலாமா? எனவே தடத்தருகில் நெருங்கி நிற்காதிருப்பதும், மஞ்சட் கொடி கண்டவுடன் வேகம் குறைத்து, எவரையும் முந்தாதிருப்பதும் வெறும் விதிகள் அல்ல, அவை அறமேயாகும்.

ஆயினும் பெரியோர்களே, தடுத்துவிட்டால் வாலிபரின் வேகம் அடங்கிவிடுமா? திடல் மூடப்பட்டால் தெரு திறந்துகொள்ளும். தெருவிலே மஞ்சட் கொடி காட்டுவார் இல்லை. வைத்தியர் காத்து நிற்பதும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளே குறுக்கே வருவர். அதனினும், விதிகளும் மேற்பார்வையாளரும் உள்ள இடத்துக்கு உங்கள் ஆசியுடன் அனுப்பிவைப்பது மேலன்றோ?

வாலிப நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். முதற் பந்தயத்திற் கிண்ணத்தை எண்ணாதீர்கள். இறுதிக் கோட்டை எண்ணுங்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்பவரை, எத்தனையாவதாக வந்தீர் என்று எவரும் கேட்பதில்லை. பயன் கருதாது கருமம் செய் என்று மேடைதோறும் கேட்கின்றோம். அதைப் பயின்று பார்க்கப் புழுதித் தடமும் ஓர் இடமே. விழுந்தவரைக் கண்டால் உதவிக்கு ஆள் அழையுங்கள். கடைசியாக வந்தாலும் முழு உடம்போடு வந்து, வண்டியைக் கழுவி, அம்மாவிடம் போய்ச் சேருங்கள். எம் மன்றம் உங்களை மாலையிட்டு வரவேற்கும்.